பத்து நிமிட வேலை, இருபத்து மூன்று நாள்

ஒரு காரில் பின்னால் வருவதைக் காட்டும் பக்கக் கண்ணாடி ஏன் அசையவில்லை என்று கண்டுபிடிக்க எனக்குப் பத்து நிமிடம் போதும். அந்த வெள்ளைக் காருக்கு மட்டும் இருபத்து மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். பழுது எங்கே என்று தெரியாமல் இல்லை. முதல் நாளே தெரிந்துவிட்டது.

பட்டுக்கோட்டையிலிருந்து பேராவூரணி போகும் சாலையில் எனக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. வண்டிகளுக்கு ஒயரிங் பார்க்கிற கடை. பக்கத்துத் தகரக் கொட்டகையில் ஒரு டிங்கர், நசுங்கிய வண்டிகளைத் தட்டி நிமிர்த்துகிறவர். எனக்கு வாய் அதிகம் வராது. வருகிறவர்களிடம் ரெண்டு வார்த்தை பேசுவதற்குள் முகம் சூடாகிவிடும். நான் ஒயரைப் பார்த்தபடியே பேசி முடித்துவிடுவேன். டிங்கர் எனக்கும் சேர்த்துப் பேசுவார்.

அன்று நான் கடை வாசலில் குனிந்து ஒரு பேட்டரியைக் கழுவிக்கொண்டிருந்தேன். வெள்ளைக் கார் ஒன்று என்னைத் தாண்டிப் போய் நின்றது. ஹாரன் அடித்தது. நான் நிமிர்ந்தேன். டிரைவர் பக்க ஜன்னல் இறங்கி ஒரு கை வெளியே வந்தது. அதில் பச்சைக்கல் மோதிரம். அந்தக் கை பக்கக் கண்ணாடியின் ஓரத்தை விரலால் தள்ளித் தள்ளித் திருப்பியது, என் முகம் அதில் விழும்வரை.

"வாப்பா இங்க" என்றது குரல். தலை திரும்பவில்லை.

பேட்டரி கழுவிய தண்ணீர் என் காலில் ஓடியது. நான் அசையவில்லை. அந்தக் கையை எனக்குப் பத்து வயதிலிருந்து தெரியும்.

தஞ்சாவூருக்குக் கிழக்கே எங்கள் ஊர். அப்பா ஒன்பது மா நிலம் குத்தகைக்கு உழுதார். மூன்று மா சேர்ந்தால் ஒரு ஏக்கர் என்று இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். நிலம் மிராசுதாருடையது. அவருக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். ஊரில் கார் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். டிரைவர் வைத்துக்கொள்ள மாட்டார், தானே ஓட்டுவார். ஆட்சி மாறும்போதெல்லாம் அந்தக் கறுப்புக் காரின் முன்னால் பறக்கிற கொடியும் மாறும். கார் மாறாது, பழக்கமும் மாறாது.

பழக்கம் என்று நான் சொல்வது இதைத்தான். அவர் வயலைப் பார்க்க வந்தால் சாலையில் காரை நிறுத்துவார், இறங்க மாட்டார். குத்தகைக்காரர்கள் காரின் ஜன்னல் பக்கம் போகக்கூடாது. பின் சக்கரத்துக்கும் பின்னால் போய் நிற்க வேண்டும். அவர் கையை வெளியே நீட்டிக் கண்ணாடியைத் திருப்புவார். நிற்கிறவரின் முகம் கண்ணாடியில் வந்ததும் பேச ஆரம்பிப்பார். "தள்ளி நில்லு. இன்னும் கொஞ்சம். ஆங்." தண்ணீர் வந்ததா, நாற்று விட்டாச்சா, களத்துக்கு நெல் எப்போது வரும், எல்லாம் கண்ணாடியைப் பார்த்தே கேட்பார். யாரும் இதைச் சட்டம் என்று சொல்லவில்லை. எல்லோரும் அப்படித்தான் நின்றார்கள். அப்பாவும் நின்றார். துண்டு இடுப்பில் இருக்கும். சின்ன வயதில் மாடு முட்டிக் கிழிந்த அவருடைய இடது காது வெயிலில் சிவந்து தெரியும். வயல் வரப்பில் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்போதுதான் உழுகிறவன் பெயரை அரசாங்க ஏட்டில் ஏற்ற வேண்டும் என்று சட்டம் வந்தது. தமுக்கு அடித்தார்கள். விவசாயச் சங்கத்துக்காரர்கள் சைக்கிளில் வந்து ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, போய்ப் பதிந்துவிடுங்கள், பதிந்துவிட்டால் யாரும் உங்களை நிலத்தை விட்டு இறக்க முடியாது என்றார்கள். பக்கத்து ஊரில் பதிந்தவர்களும் இருந்தார்கள், பதியப் போய் அடி வாங்கியவர்களும் இருந்தார்கள். அப்பா மறுநாள் போவதாக இருந்தார். அன்று சாயங்காலம் கறுப்புக் கார் வந்து நின்றது.

வீட்டுக்கு வந்த அப்பாவின் முகம் ஒளியாக இருந்தது. அம்மாவிடம் சொன்னார்.

"உனக்கும் எனக்கும் நடுவுல ஏடு எதுக்குடான்னு கேட்டாங்க ஐயா. உன்னை நான் நம்பலையா, என்னை நீ நம்ப மாட்டியான்னாங்க. நான் என்னத்த சொல்றது?"

"மூஞ்சியத் திருப்பிப் பாக்காத ஆளு, உங்கள நம்புறாராமா?" என்றார் அம்மா. "போய்ப் பதிஞ்சிட்டு வாங்க."

அப்பா போகவில்லை. ஐயாவே கேட்ட பிறகு போய்ப் பதிந்தால் அது துரோகம் என்று நினைத்தார். எங்கள் ஊரில் அவரைப் போல நினைத்தவர்கள் ஏழு வீட்டுக்காரர்கள்.

அடுத்த வருடம் சம்பா நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்திருந்தது. ஒரு காலையில் இரண்டு டிராக்டர் வந்தன. கூடவே போலீஸ் வேன். ஒன்பது மாவையும் பயிரோடு உழுது மடக்கினார்கள். அப்பா காரிடம் ஓடினார். ஓடியவர் நேராக ஜன்னலுக்குப் போகவில்லை. வழக்கம்போல் பின்னால் போய் நின்றார். கை வெளியே வரவில்லை. கார் கிளம்பிப் போயிற்று. தாசில்தார் ஆபீசில் ஏட்டைப் புரட்டி, இந்த நிலத்தில் உன் பெயரே இல்லையே என்றார்கள்.

நாங்கள் பட்டுக்கோட்டை பக்கம் வந்தோம். அம்மா தென்னந்தோப்புகளில் மட்டை பொறுக்கினார். அப்பா ஒரு தேங்காய் மண்டியில் காவல் இருந்தார். யாராவது காரை நிறுத்தி வழி கேட்டால், அப்பா சுற்றிக்கொண்டு காரின் பின்னால் போய் நின்று பதில் சொல்வார். கேட்டவர்கள் ஜன்னல் வழியே தலையை நீட்டித் தேடுவார்கள். சாகும்வரை அது அவரை விட்டுப் போகவில்லை. நான் பத்தாவதோடு நின்று, லாரி டைனமோ கட்டும் கடையில் சேர்ந்து, இந்த வேலைக்கு வந்தேன்.

அந்தக் கைதான் இப்போது என் கடை வாசலில் கண்ணாடியைத் திருப்பிக்கொண்டிருந்தது.

நான் ஜன்னலுக்குப் போனேன். வேண்டுமென்றே ஜன்னலுக்கே போனேன். எண்பதை நெருங்கிய முகம். கழுத்தில் தடித்த பட்டை.

"ரெண்டு கண்ணாடியும் சுவிட்ச்ல அசைய மாட்டேங்குதுப்பா. கழுத்து எலும்பு தேஞ்சு போச்சு, திரும்ப முடியாது. கண்ணாடி இல்லேன்னா எனக்கு வண்டி இல்ல."

"மவன் யாரும் ஓட்ட மாட்டாங்களாங்க?" என்று டிங்கர் பக்கத்திலிருந்து கேட்டார்.

"ஓட்டுவான். அதான் வம்பே. அவன் உசரத்துக்குக் கண்ணாடிய வச்சுட்டுப் போயிருவான். நான் ஏறுனா வானம்தான் தெரியுது. இடது பக்கத்துக்கு எறங்கிப் போய்த் தள்ளிவிட்டு, ஏறிப் பாத்து, மறுபடி எறங்கி... போன வாரம் மண்டி கேட் தூணுல ஒரசிட்டேன். இன்னொரு தடவ இடிச்சா சாவிய வாங்கிருவேன்னுட்டான். அம்பது வருசமா என் வண்டிய நான்தான் ஓட்டுறேன். எனக்கு எவனாவது டிரைவரா இருந்தான்னு சொல்லச் சொல்லு பாப்போம்."

ஊர் நிலத்தை எல்லாம் விற்றுவிட்டு, மகனோடு பேராவூரணி பக்கம் தோப்பு வாங்கி வந்துவிட்டாராம். அதையும் டிங்கரிடம் சொன்னார். என்னைப் பார்த்தும் பேசினார். நான் யார் என்று அவருக்குத் தெரியவில்லை.

அவரைத் தகர நிழலில் உட்கார வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினேன். சுவிட்சை இடது கண்ணாடிக்கு வைத்து நாலு பக்கமும் அமுக்கினேன். பிறகு வலதுக்கு. இரண்டிலும் சத்தமே இல்லை. மோட்டார் ஓடிக் கண்ணாடி நகரவில்லை என்றால் உள்ளே பல்சக்கரம் தேய்ந்திருக்கும். சத்தமே இல்லை என்றால் கரண்ட் போகவில்லை. இரண்டு மோட்டாரும் ஒரே நாளில் சாகாது, அதனால் மோட்டாரைத் தொடவே தேவையில்லை. இரண்டுக்கும் பொதுவானது என்ன? ஃபியூஸ், சுவிட்ச், அதற்கு வரும் ஒயர். அதே ஃபியூஸில் இருந்த உள்விளக்கு எரிந்தது, ஆக ஃபியூஸ் நல்லது. கதவின் உள்தட்டைக் கழற்றிச் சுவிட்சின் பின்னால் மீட்டரை வைத்தேன். பன்னிரண்டு வோல்ட் முழுசாகக் காட்டியது.

இங்கேதான் பலர் ஏமாறுவார்கள். கரண்ட் வருகிறது, சுவிட்ச் போய்விட்டது என்று புதுச் சுவிட்ச் வாங்கிப் போடுவார்கள். அதுவும் ஓடாது. மீட்டர் கரண்டைக் குடிக்காது, எட்டிப் பார்க்க மட்டும் செய்யும். ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் பன்னிரண்டு என்றுதான் சொல்லும். அதனால் நான் சின்ன பல்பு கட்டிய டெஸ்ட் லேம்பை வைத்தேன். பீடி முனை மாதிரி சிவந்து அணைந்தது. லேம்பின் எர்த் முனையை எடுத்துக் காரின் இரும்பில் வைத்தேன். பளீரென்று எரிந்தது. அப்படியானால் வருகிற ஒயர் நல்லது, திரும்பிப் போகிற எர்த் ஒயரில்தான் குறை. லேம்பை மறுபடி பழைய இடத்தில் வைத்துக் கதவை அகலத் திறந்தேன். எரிந்தது. மூடினேன். மங்கியது.

கதவுக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு ரப்பர் குழாய் இருக்கும், ஒயர் எல்லாம் அதற்குள் போகும். கதவு திறந்து மூடும்போதெல்லாம் அது மடங்கி மடங்கி நிமிரும். ரப்பரை விரலால் இறக்கிக் கறுப்பு ஒயரை வளைத்துப் பார்த்தேன். மேலே தோல் முழுசாக இருந்தது. உள்ளே செம்பு அறுந்து, ஒயர் அந்த இடத்தில் மட்டும் நூல் மாதிரி துவண்டது.

வெட்டி, புது ஒயர் இணைத்து, ஈயம் வைத்து, மேலே குழாய் போர்த்தினால் முடிந்தது. நான் ரப்பரைப் பழையபடி ஏற்றிவிட்டேன்.

"கெடைக்கலைங்க" என்றேன். "இது பாத்துப் பாத்துத்தான் பிடிக்கணும். கொஞ்சம் பின்னாடி நில்லுங்க. கண்ணாடியில ஆள் தெரியுதான்னு பாக்கணும்."

இது வேலையில் உள்ளதுதான். கண்ணாடியைச் சரிபார்க்க ஒரு ஆள் பின்னால் நிற்க வேண்டும். வழக்கமாக டிங்கர் வந்து நிற்பார். அன்று நான் அவரைக் கூப்பிடவில்லை.

மிராசுதார் மெதுவாக நடந்து போய்ப் பின் சக்கரத்துக்குப் பின்னால் நின்றார். பங்குனி வெயில். நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். கதவைத் திறந்து வைத்துச் சுவிட்சை அமுக்கினேன். கண்ணாடி நகர்ந்தது. அதில் தென்னை மரம் வந்தது, சாலை வந்தது, பிறகு கழுத்துப் பட்டையோடு அவர் வந்தார்.

"தள்ளி நில்லுங்க" என்றேன். திரும்பிப் பார்க்கவில்லை. "இன்னும் கொஞ்சம். ஆங்."

என் குரல் நடுங்கியது. சந்தோஷத்தில். என் வாழ்நாளில் ஒரு ஆளை நான் அப்படி நிற்க வைத்ததில்லை. வேர்வை அவர் நெற்றியிலிருந்து பட்டைக்குள் இறங்குவதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே, ஒன்றும் இல்லாத இடத்தில் ஒயரைத் தொட்டுத் தொட்டு எடுத்தேன். கடைசியில் ரப்பருக்குள் ஒயரை நெருக்கி வைத்து, "இப்ப ஓடுதுங்க, பாருங்க" என்று அனுப்பினேன். அடுத்த வளைவுக்குள் அது நின்றுவிடும் என்று எனக்குத் தெரியும்.

ஒன்பது நாள் கழித்து வந்தார். மறுபடி அதே. இந்த முறை இடது கண்ணாடிக்கும் வலது கண்ணாடிக்கும் தனித்தனியாக நிற்க வைத்தேன். "உக்காந்துக்கலாமா?" என்று கேட்டார். "உக்காந்தா தெரியாதுங்க" என்றேன்.

அவர் போனபின் டிங்கர் சுத்தியலை வைத்துவிட்டு வந்தார்.

"என்னண்ணே, பொண்ணு பாக்கப் போனவன் மாதிரி கண்ணாடியையே பாத்துக்கிட்டு இருக்கீங்க? இது உங்களுக்கு ஒரு வேலையா? ரப்பருக்குள்ளதானே ஒயர் அறுந்திருக்கு?"

நான் டெஸ்ட் லேம்பின் ஒயரைச் சுருட்டினேன்.

"அந்தப் பெரியவரு என்னண்ணே செஞ்சாரு உங்கள?"

சொன்னேன். எங்கள் அப்பா நின்றதைச் சொன்னேன். டிராக்டரைச் சொன்னேன். அவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை. கேட்டுவிட்டு டிங்கர் தலையைச் சொறிந்தார்.

"நானா இருந்தா ஒத்த வார்த்தை கேட்டு அனுப்பியிருப்பேன். நீங்க வெயில்ல வச்சு வேக வைக்கிறீங்க."

"எனக்குக் கேக்க வராது" என்றேன். அது உண்மை.

அதற்கடுத்த வாரம் மிராசுதார் தன் தோப்பு வேலியில் காரை இடித்தார். ஒரு தென்னங்கன்றும் கம்பி வேலியும் சாய்ந்தன, ஆளுக்கு ஒன்றுமில்லை. "வேலியோரம் யாராவது நின்னிருந்தா?" என்று டிங்கர் கேட்டார். இடித்தார் என்று கேட்டபோது முதலில் என் மனதில் வந்தது பயம் இல்லை என்பதை எழுதிவிடுகிறேன்.

இருபத்து மூன்றாம் நாள் மகன் காரை ஓட்டி வந்தார். என் வயதுதான் இருக்கும், நல்ல உயரம். மிராசுதார் இடது சீட்டில் உட்கார்ந்திருந்தார். சாவியைப் பறிகொடுத்த ஆள் எப்படி உட்காருவார் என்று அன்றுதான் பார்த்தேன். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் போட்டிருந்தார்.

"அண்ணே, இன்னைக்கு எப்படியாவது முடிச்சிருங்க" என்றார் மகன். "சரியாச்சுன்னா அப்பா ஓட்டட்டும். இல்லேன்னா வித்துடப் போறேன், கேட்டு ஆள் வந்தாச்சு. இவரோட மல்லுக்கட்ட முடியல." போன் பேசிக்கொண்டே எதிர்ப்புறம் டீக்கடைக்குப் போனார்.

நான் ரப்பரை இறக்கினேன். அறுந்ததை வெட்டினேன். புது ஒயர், ஈயம், மேலே குழாய். பத்து நிமிடம் ஆகவில்லை. மிராசுதார் இறங்கிச் சுற்றி வந்து, கதவோரம் நின்று என் கையையே பார்த்தார். முடிந்ததும் டிரைவர் சீட்டில் ஏறினார். கதவை மூடினார். சுவிட்சை அமுக்கினார். கண்ணாடி ஓடியது.

"போய்ப் பின்னாடி நில்லுப்பா" என்றார்.

டிங்கர் அன்று இல்லை. வேலையின் வழக்கம் காலை இழுத்துக்கொண்டு போயிற்று. பின் சக்கரம் தாண்டி நின்ற பிறகுதான் எங்கே நிற்கிறேன் என்று எனக்கு உறைத்தது.

மோட்டார் முனகியது. கண்ணாடி மெல்லத் திரும்பி என் முகத்தில் நின்றது. அதற்குள் அவர் கண் தெரிந்தது. அந்தக் கண் சுருங்கியது. இத்தனை நாள் நேருக்கு நேர் பார்த்துத் தெரியாத முகம் கண்ணாடியில் அவருக்குத் தெரிந்துவிட்டது.

"இந்த மூஞ்சிய நான் பாத்திருக்கேன்" என்றார். "யாரு மவன் நீ?"

அப்பா பெயரையும் ஊர்ப் பெயரையும் சொன்னேன். குரல் வெளியே வந்தது எனக்கே ஆச்சரியம்.

பிறகு சொன்னார். "ஒம்பது மா உழுதானே... வலது காது கிழிஞ்சவன். அவன் மவனா? நல்ல மனுசன். எதுத்து ஒரு வார்த்தை பேசுனதில்ல."

வலது காது.

அப்பாவுக்குக் கிழிந்தது இடது காது. நான் அந்தக் காதைத் தொட்டுத் தூங்கியவன். வருடக்கணக்காகத் தன் நிலத்தை உழுத ஆளை இவர் ஒரு தடவைகூடக் கண்ணாடிக்கு வெளியே பார்த்ததில்லை. பார்த்திருந்தால் இடது என்றிருப்பார்.

நான் நின்ற இடத்தை விட்டு ஜன்னலுக்கு வந்தேன். அவர் கழுத்து திரும்பாது. அதனால் இடுப்போடு முழு உடம்பையும் திருப்பி என்னைப் பார்த்தார். ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கத் திரும்பினார்.

"பத்து நிமிசத்துல முடிச்சிட்ட. மொத நாளே தெரியும் உனக்கு."

"தெரியும்."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். எதிர்ப்பக்கம் டீக்கடையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சரி, விடு. எம்மவன் வருவான். வண்டி நல்லாருக்கு, பெரியவர் ஓட்டலாம்னு ஒரு வார்த்தை சொல்லிடு. நீ சொன்னா கேப்பான். ஒரு வார்த்தைதானே."

ஒரு வார்த்தைதான். எங்கள் அப்பாவுக்கும் ஏட்டில் ஒரு வார்த்தைதான் தேவைப்பட்டது.

மகன் சாலையைக் கடந்து வந்தார். "என்னண்ணே, முடிஞ்சிதா? அப்பா ஓட்டலாமா?"

நான் அவர் முகத்தைப் பார்த்துப் பேசினேன், ஒயரைப் பார்க்கவில்லை. "இப்ப ஓடுதுங்க. ஆனா இது நிக்காது. மறுபடி எப்ப போகும்னு சொல்ல முடியாது. பெரியவர் ஓட்டலாம்னு நான் சொல்ல மாட்டேன். வித்துடுங்க."

மகன் கதவைத் திறந்து, "எறங்குங்கப்பா" என்றார். மிராசுதார் இறங்கிக் காரின் பின்பக்கமாகவே சுற்றி, ஒரு கையால் டிக்கியைப் பிடித்துக்கொண்டு, இடது பக்கத்துக்குப் போனார்.

அந்தக் கழுத்தோடு அவர் ஓட்டாமல் இருந்ததே நல்லது என்று டிங்கர் பிறகு சொன்னார், எனக்கு ஆறுதலாக. அதற்காக நான் அப்படிச் சொல்லவில்லை. அவர் இடது என்று சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று சில நாள் யோசித்திருக்கிறேன். தெரியவில்லை.

அந்தக் காரை வாங்கியவர் அறந்தாங்கிக்காரர். அடுத்த வருடம் ஹாரன் வேலைக்கு என் கடைக்கே கொண்டுவந்தார். அவர் டீ குடிக்கப் போனபோது நான் ரப்பரை இறக்கிப் பார்த்தேன். நான் போட்ட இணைப்பு துளியும் அசையாமல் இருந்தது. டெஸ்ட் லேம்பை வைத்தேன். கதவைத் திறந்தாலும் மூடினாலும் பளீரென்று ஒரே மாதிரி எரிந்தது.